தாவரச் சாதி: கண்டதா, கட்டியதா?

கொன்றை, ஆவரசு, தகரை ஆகிய மூன்றும் கசியா என்னும் ஒரே சாதியைச் சேர்ந்தவை என்று படித்தவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்குப் பின் வந்தோர், இவற்றுள் கொன்றை மட்டுமே கசியா, ஏனைய இரண்டும் சென்னா எனப் படிக்கின்றனர். இம்மாற்றத்தைப் பற்றி எமது விரிவுரை மண்டபங்களிலும் விடுதி வாயில்களிலும் நிகழும் உரையாடல்களைக் கேட்போர்க்கு இருவகைக் கருத்துகள் புலப்படும். ஒன்று, சாதி என்பது இயற்கை வகுத்துவைத்த பெட்டி. அதனுள் எவை அடங்கும் என்பது என்றோ முடிந்த காரியம். இன்று மாற்றுவோர் முன்னோரின் பிழையைத் திருத்துகின்றனர், அவ்வளவே என்பது. மற்றையது, சாதி என்பது வெறும் மனிதக் கற்பனை. கட்டுரைகளின் தொகையைப் பெருக்கும் பொருட்டு மேனாட்டார் பெயர்களைப் புரட்டுகின்றனர். நாம் ஏன் அவர்கள் பின்னால் ஓட வேண்டும் என்பது. முதலாவதைப் பெரும்பாலும் மாணவர் கூறுவர். இரண்டாவதைக் கூறுவோருட் கற்பிப்போரும் உளர் என்பதுதான் வியப்பு. இரண்டும் பிழை என்பதே என் வாதம். பிழை என்பது மட்டுமன்று, எதிரெதிர்த் திசைகளில் நின்று பேசுவனபோலத் தோன்றும் இவ்விரு கருத்துகளும் ஒரே இடத்திலேயே தவறுகின்றன என்பதையும் காட்ட முயல்வேன்.

வாதத்தை நூல்களிலிருந்து தொடங்காது பூவிலிருந்து தொடங்குதல் நலம். கொன்றைப் பூவொன்றையும் ஆவரசம் பூவொன்றையும் பக்கத்தே வைத்துப் பாருங்கள். இரண்டும் மஞ்சள், இரண்டிலும் ஐந்து புல்லிகள், ஐந்து அல்லிகள், பத்துக் கேசரங்கள். முதற்பார்வையில் உறவு வெளிப்படை. இனிக் கேசரங்களை எண்ணுவதோடு நில்லாது அவற்றின் வடிவை நோக்குங்கள். கொன்றையிற் கீழ்ப்புறமுள்ள மூன்று கேசரங்களின் இழைகள் மிக நீண்டு, வளைந்து, பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இழையின் நீளம் மகரந்தக்கூட்டின் நீளத்தைப் போலப் பன்மடங்கு. ஆவரசிலோ இழைகள் அவ்வாறு வளைந்து நீள்வதில்லை. மேற்புறத்து மூன்று கேசரங்கள் மலடாகிச் சுருங்கியுள்ளன. வளமானவற்றின் மகரந்தக்கூடுகள் நுனியிலுள்ள துளைவழியே திறக்கின்றன. பூக்காம்பை நோக்கின் கொன்றையிற் சிறுபூவடியிலைகள் உண்டு. ஆவரசில் அவை இல்லை. ஆவரசின் சீறிலைச் சோடிகளுக்கு இடையே சுரப்பிகள் நிமிர்ந்து நிற்கின்றன. கொன்றையின் இலையில் ஒன்றையும் காணோம். பழமோ சொல்ல வேண்டியதில்லை. ஒன்று குறுக்குச் சுவர்களால் அறையறையாகப் பிரிக்கப்பட்டு, கரிய சதை நிறைந்து, வெடிக்காது தொங்கும் நீண்ட உருளை. மற்றையது தட்டையான மெல்லிய காய்.

இனி மூன்றாவதொரு செடியையும் மேசையில் வைக்கலாம். முன்னர் கசியா மிமோசொயிடிசு எனப்பட்டு, இன்று கமேக்கிறிஸ்ரா என்னும் சாதியில் வைக்கப்பட்டுள்ள, புற்றரைகளில் வளரும் சிறு செடி அது. பூ அதே மஞ்சள். காயோ முற்றியதும் மீள்சத்தியோடு வெடிக்க, அதன் இரு புறங்களும் முறுக்கிக்கொள்கின்றன. இலைக்காம்பிலே தட்டுப் போன்றதொரு சுரப்பி உண்டு. வேரைக் கிளறினால், அவரைக் குடும்பத்திற் பலவற்றுக்கும் பொதுவான, நைதரசன் பதிக்கும் சிறுகணுக்கள் இருக்கின்றன. கொன்றையிலும் ஆவரசிலும் அவை இல்லை. ஆக, பூவின் நிறத்தையும் கேசரங்களின் தொகையையும் தாண்டிச் சென்றால், ஒரு தொகுதி இயல்புகள் ஒன்றாகவே வருவதையும் ஒன்றாகவே மறைவதையும் காண்கிறோம். இதனை யாரும் கற்பிக்கவில்லை. இது பூவில் இருக்கிறது, காயில் இருக்கிறது, வேரில் இருக்கிறது. சாதி யாவும் கற்பனையே என்போர் இம்மேசையின் முன் வந்து நின்று பேசட்டும்.

ஆயினும் அவர்களது ஐயத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. இதே செடிகளின் வரலாற்றைப் பாருங்கள். 1700 இல் தாவரச் சாதிகளை வரையறுத்துப் பெருநூல் செய்த பிரெஞ்சுப் பேரறிஞர் தூர்ண்போர்ட், கசியாவையும் சென்னாவையும் இரு சாதிகளாகவே வைத்தார். லின்னேயசு 1753 இல் இரண்டையும் ஒன்றாக்கிக் கசியா என்றார். பத்துக் கேசரமும் ஒரு சூல்தண்டும் உடைய வகுப்பினுள் அவை இலகுவாக அடங்கின. மறு ஆண்டே, 1754 இல், இலண்டனில் தோட்டக் கலைஞரான பிலிப் மில்லர் சென்னாவை மீண்டும் பிரித்தார். 1871 இல் யோர்ச்சு பெந்தம் கசியாச் சாதி முழுவதையும் ஆராய்ந்து, அதனை ஒரே சாதியாக வைத்துக்கொண்டு, அதனுள் பிஸ்ரியூலா, சென்னா, லசியோரீக்மா என மூன்று உபசாதிகளை வகுத்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு உலகம் அவ்வாறே ஏற்றது. 1982 இல் அமெரிக்கர்களான இர்வினும் பார்ணபியும் கசியா, சென்னா, கமேக்கிறிஸ்ரா என மூன்று சாதிகளாகப் பிரித்தனர். ஒன்று சேர்த்தனர், பிரித்தனர், சேர்த்தனர், பிரித்தனர். இதைக் கேட்கும் மாணவன், இது விஞ்ஞானமா, காணிப் பங்கீடா என்று கேட்பதிற் குற்றமில்லை.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெந்தம் 1871 இல் வகுத்த மூன்று உபசாதிகளும், இர்வினும் பார்ணபியும் 1982 இல் வகுத்த மூன்று சாதிகளும் பெரும்பாலும் ஒன்றே. கூட்டங்கள் மாறவில்லை. அவற்றுக்குக் கொடுத்த படி மாறியது. படி மாறியதால் பெயர் மாறியது. நான் குறிப்பிட்ட இரு கருத்தாரும் தவறுவது இவ்விடத்திலேதான். கூட்டம் வேறு, படி வேறு, பெயர் வேறு என்னும் வேறுபாட்டை இருசாராரும் காணவில்லை. ஒரு சாரார் கூட்டம் இயற்கையில் உண்டென்பதைக் கண்டு, அதன் படியும் பெயரும் இயற்கையே எனக் கொள்கின்றனர். மறுசாரார் படியும் பெயரும் மனிதர் வகுத்தனவென்பதைக் கண்டு, கூட்டமும் மனிதர் புனைந்ததே எனக் கொள்கின்றனர்.

கூட்டம் எவ்வாறு இயற்கையில் உள்ளது? லின்னேயசின் காலத்தில் இதற்கு விடை எளிது. இனங்களும் சாதிகளும் இயற்கையின் ஆக்கங்கள், அவற்றுக்கு மேற்பட்ட வகுப்புகளில் மனிதனின் கைவேலையும் கலந்துள்ளது என்பது அவரது கொள்கை. சாதியை இயல்பு ஆக்குவதில்லை, சாதியே இயல்பைத் தருகிறது என்று அவர் கருதினார். இக்கருத்தை எள்ளி நகையாடுவோர் உளர். எனக்கோ அதில் ஒரு கூரிய உண்மை தென்படுகிறது. ஓர் இயல்பை முன்கூட்டியே தெரிந்தெடுத்து அதனைக் கொண்டு சாதியை வெட்டுதல் தகாது. உறவை முதலிற் கண்டு, அதன் பின்னரே அதனைக் காட்டும் இயல்பு எதுவெனத் தேடல் வேண்டும் என்பதே அதன் சாரம். கேசரங்களை எண்ணி வகுப்பமைத்தவரே சாதியின் மட்டத்தில் அவ்வாறு செய்யத் தயங்கினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அந்த உறவு யாதென அவரால் விளக்க முடியாதிருந்தது. 1859 இல் டார்வின் விளக்கினார்: உறவென்பது உவமையன்று, வமிசமே. 1950 இல் ஜேர்மானியரான வில்லி ஹென்னிக் அதனை இன்னும் இறுக்கமாக்கினார். ஒரு முன்னோரும் அம்முன்னோரின் வழித்தோன்றல் அனைத்தும் சேர்ந்ததே இயற்கைக் கூட்டம். வழித்தோன்றல்களில் சிலவற்றை விட்டுவிட்டாலும், வேறு கிளையிலிருந்து சிலவற்றைக் கொணர்ந்து சேர்த்தாலும் அது கூட்டமன்று, கதம்பம்.

இவ்வரையறையின் முக்கியமான விளைவு பலராலும் உணரப்படுவதில்லை. ஒத்த இயல்புகள் யாவும் உறவுக்குச் சான்றல்ல. புதிதாகத் தோன்றி ஒரு கிளையிற் பரவிய இயல்பே அக்கிளையின் சான்று. பழைமையிலிருந்து மாறாது தங்கிவிட்ட இயல்பு எதற்கும் சான்றாகாது. தாத்தாவின் வீட்டு முற்றத்தை விட்டு வெளியேறாத பேரர்கள் இருவர், வெளியேறிய மூன்றாமவனைக் காட்டிலும் தமக்குள் நெருங்கியவர்கள் என்று யாரும் சொல்லார். மூன்றாமவன் அவர்களுள் ஒருவனின் உடன்பிறந்தவனாக இருக்கலாம்.

இதற்கு வேல மரங்களே தக்க சான்று. லின்னேயசு நைல் நதிக்கரைக் கருவேலை மிமோசாச் சாதியில், தொட்டாற்சுருங்கியோடு சேர்த்து வைத்தார். மில்லர் 1754 இல் அக்கேசியாவை வேறாக்கினார். 1842 இல் பெந்தம் திட்டவட்டமானதோர் எல்லை வகுத்தார்: கேசரங்கள் பத்துக்கு மேற்படாதன மிமோசா முதலியன, பலவாகி இழைகள் ஒன்றோடொன்று இணைந்து குழாயாயின வாகை முதலியன, பலவாகியும் இணையாது தனித்தனி நிற்பின் அக்கேசியா. எவ்வளவு தெளிவான திறவுகோல்! கைவில்லையும் ஊசியும் இருந்தாற் போதும், எந்த மாணவனும் பிழையின்றித் தீர்மானிப்பான். அந்த எல்லையினுள் ஆபிரிக்கா, ஆசியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா யாவற்றிலுமிருந்து ஏறத்தாழ 1350 இனங்கள் வந்து குவிந்தன. ஆனால் இணையாத இழை என்பது ஓர் இன்மை. இழைகள் இணைதலே புதியது; இணையாமை பழையது. அவுஸ்திரேலிய வேல்கள் வாகைக் கூட்டத்தின் நெருங்கிய உறவினர் என்பதும், கருவேலும் உடையும் வேறொரு கிளையைச் சேர்ந்தவை என்பதும் பிற்காலத்தில் மரபணு ஆய்வுகளால் உறுதியாயின. சீயாக்காய் முதலியன மூன்றாவது கிளை. வெறுங்கண்ணுக்கும் இது முற்றாக மறைந்திருக்கவில்லை. உடையின் முள் இலையடிச்செதில் திரிந்த முள், சோடியாக நிற்பது. சீயாக்காயின் முள் தண்டின் புறத்தே எழும் வளைந்த கொக்கி. அவுஸ்திரேலிய இனங்களுட் பலவற்றில் முள்ளே இல்லை. முதிர்ந்த மரத்திற் கூட்டிலையும் இல்லை. இலைக்காம்பு தட்டையாகி இலையின் தொழிலைச் செய்கிறது. பெந்தம் இவ்வேறுபாடுகளை நன்கறிந்து, சாதியினுள்ளே தனித்தனித் தொடர்களாக வைத்திருந்தார். திறவுகோலின் எளிமை அவரை ஏமாற்றியது எனலாம். இலகுவில் இனங்காண உதவும் இயல்பு வேறு, உறவைக் காட்டும் இயல்பு வேறு. எமது செய்முறை வகுப்புகளில் இவ்விரண்டும் இன்றுவரை குழப்பப்படுகின்றன.

ஆதலால் பழைய அக்கேசியாவைப் பிரித்தே ஆக வேண்டியிருந்தது; அதிலே தெரிவுக்கு இடமில்லை. 1986 இல் அவுஸ்திரேலியரான பெட்லி, அக்கேசியா, செனகாலியா, ரக்கோஸ்பேர்மா என மூன்றாகப் பிரிக்க முன்மொழிந்தார். தாவரப் பெயரீட்டு விதியின்படி ஒரு சாதி பிளவுபடும்போது, அச்சாதிக்கு மாதிரியாகக் குறிக்கப்பட்ட இனம் எப்பகுதியில் உள்ளதோ அப்பகுதிக்கே பழைய பெயர் உரியது. அக்கேசியாவின் மாதிரியினம் நைல் நதிக் கருவேல். எனவே அக்கேசியா என்னும் பெயர் ஆபிரிக்க ஆசிய வேல்களுக்கு எஞ்சும். அவுஸ்திரேலியாவின் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் ரக்கோஸ்பேர்மா ஆகும். இது அவுஸ்திரேலியருக்கு உவப்பாயிருக்கவில்லை. மாதிரியினத்தையே மாற்றி, அவுஸ்திரேலிய இனமொன்றை மாதிரியாக்க வேண்டுமென 2003 இல் ஒரு முன்மொழிவு வந்தது. 2005 இல் வியன்னாவில் கூடிய அனைத்துலகத் தாவரவியல் மாநாட்டின் பெயரீட்டுப் பிரிவில் அது வாக்கெடுப்புக்கு வந்தபோது, வாக்குகளில் ஏறத்தாழ 55 வீதம் அதற்கு எதிராக விழுந்தது. ஆயினும் முன்மொழிவு நிறைவேறியது! குழு ஏற்கெனவே பரிந்துரைத்ததைத் தள்ள 60 வீதம் வேண்டும் என்பது நடைமுறை. 2011 இல் மெல்போண் மாநாட்டிலும் அம்முடிவு நிலைநிறுத்தப்பட்டது. இன்று கருவேலும் உடையும் வச்செலியா, சீயாக்காய் செனகாலியா. மன்னாரின் வறண்ட மணலிற் குடைபோல விரிந்து நிற்கும் உடை தன் பெயரை இழக்க, வனத் திணைக்களத்தின் நடுகைகளில் அவுஸ்திரேலியப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த அக்கேசியா ஓரிக்கியூலிபோர்மிசு அப்பெயரோடு வாழ்கிறது. அக்கேசியா என்னும் சொல்லோ, பண்டைய கிரேக்கர் எகிப்திய முள்மரத்துக்கு வழங்கியது.

இங்கே எனக்கும் சினம் எழாமலில்லை. அனைத்துலகப் பேரவைகளில் வாக்குரிமை தனிமனிதருக்கு மட்டுமன்றி நிறுவனங்களுக்கும் உண்டு; பெரிய உலர்தாவரச் சேகரங்கள் கூடிய வாக்குகளைப் பெறுவன; அத்தகைய சேகரங்கள் எங்கே பெருகியுள்ளன என்பதைக் காலனித்துவ வரலாறு அறிந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. போல் ஹேர்மன் பதினேழாம் நூற்றாண்டில் இலங்கையிற் சேகரித்த செடிகளைக் கொண்டே லின்னேயசு 1747 இல் இலங்கைத் தாவரநூலை எழுதினார். அச்செடிகள் இன்று இலண்டனில் இருக்கின்றன. எனினும் அந்தச் சினத்தைக் கொண்டு, வச்செலியாவை நாம் ஏற்கமாட்டோம் என்று முடிவுகட்டுவது சிறுபிள்ளைத்தனம். உடையும் அவுஸ்திரேலிய வேலும் வெவ்வேறு கிளைகள் என்பது வியன்னாவிலும் மெல்போணிலும் வாக்கெடுத்துத் தீர்மானிக்கப்பட்டதன்று. அது மரங்களின் செய்தி. எந்தக் கிளைக்கு எந்தப் பெயர் என்பதே அங்கு வாக்குக்கு விடப்பட்டது. அம்முடிவை நாம் குறைகூறலாம், அடுத்த மாநாட்டில் எதிர்க்கலாம். பெயர் மனிதருடைய காரியம் என்பதற்கு அண்மைய சான்றும் உண்டு: 2024 இல் மத்ரித் மாநாடு, ஆபிரிக்க மக்களை இழிவுபடுத்தும் சொல்லொன்றிலிருந்து பிறந்த இனப்பெயர்களைத் திருத்த வாக்களித்தது. இதனிடையே ஒரு சிறு ஆறுதல்: வச்செலியா என்னும் சாதியை 1834 இல் முதன்முதல் நிறுவியது, சென்னை மாகாணத்திற் பணியாற்றிய றொபேட் வைற்றும் அவரது நண்பர் ஆணொற்றும் எழுதிய தென்னிந்தியத் தாவரநூலே.

படியைத் தீர்மானிப்பது எப்படி என்னும் வினா இன்னும் எஞ்சியுள்ளது. கூட்டம் இயற்கையானதாயின், அதைச் சாதி என்பதா, உபசாதி என்பதா, சாதிகளின் குழு என்பதா? இதற்கு இயற்கை விடை தருவதில்லை. இதை மூடிமறைக்கும் பாடநூல்களே மாணவரைக் கெடுக்கின்றன. அஸ்றகலசு என்னும் சாதியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள். நியூ கலிடோனியாத் தீவின் அம்பொரெல்லாச் சாதியில் ஒரே ஓர் இனம். இரண்டும் சாதிகளே என்பதால் இரண்டும் சமம் என்று யாரும் கொள்ளலாகாது. ஓரிடத்தில் எத்தனை சாதிகள் உண்டென்று எண்ணி, இன்னோரிடத்தோடு ஒப்பிட்டு வளத்தை அளப்பது, அறைகளின் தொகையைக் கொண்டு வீடுகளின் பரப்பை அளப்பது போன்றதாகும்.

எமது நாட்டிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. சிங்கராச வனத்திலும் அயற்காடுகளிலும் ஓங்கி வளரும் ஒரு மரக் கூட்டத்தை, பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராயிருந்த துவெயிற்சு 1851 இல் டூனா எனப் பெயரிட்டார். மரத்தின் சிங்களப் பெயரான தூன் என்பதிலிருந்து அமைந்த பெயர் அது. திரைமனின் இலங்கைத் தாவரக் கைந்நூலும் அதனைத் தனிச் சாதியாகவே கொண்டது. அதன் இனங்கள் யாவும் இலங்கைக்கே உரியன. ஆதலின் எமது தீவுக்கே உரிய சாதியொன்று என்னும் பெருமை நிலவிற்று. தஸநாயக்கவும் பொஸ்பேர்க்கும் பதிப்பித்த திருத்திய கைந்நூலின் முதற் தொகுதி 1980 இல் வந்தபோது, பீற்றர் அஷ்டன் டூனாவை ஷோரியாச் சாதியினுள் ஒரு பிரிவாக்கினார். ஷோரியா என்பது இந்தியாவின் ஆங்கிலேய ஆள்பதியாயிருந்த சேர் யோன் ஷோரின் பெயரால் அமைந்தது. தூன் மரங்கள் அனைத்தும் ஆள்பதியின் பெயரை ஏந்தலாயின. பின்னர் மரபணு ஆய்வுகள், ஹோப்பியா, பராஷோரியா முதலிய சாதிகள் ஷோரியாவின் கிளைகளுக்கு இடையே செருகி நிற்பதைக் காட்டின. ஷோரியா கதம்பமாயிற்று. இப்போது இரு வழிகள் இருந்தன. ஹோப்பியா முதலியவற்றையும் விழுங்கிய ஒரே மாபெரும் ஷோரியாவை அமைக்கலாம். அல்லது ஷோரியாவைப் பல சாதிகளாகப் பிரிக்கலாம். இரண்டும் வமிச விதிக்கு ஒத்தவையே. எது உண்மை என்று கேட்பதில் பொருளில்லை. 2022 இல் ஹெக்கன்ஹவரோடு சேர்ந்து அஷ்டனே இரண்டாவது வழியைத் தெரிந்து, டூனாவை மீட்டுக் கொடுத்தார். தன் முடிவைத் தானே மாற்றிய அவரது நேர்மை போற்றற்குரியது. ஆயினும் 1980 இல் இலங்கை ஒரு சாதியை இழக்கவுமில்லை, 2022 இல் ஒன்றைப் பெறவுமில்லை. மரங்கள் அங்கேயே நின்றன. எமக்கே உரிய சாதி என்று மேடைகளில் முழங்குவோர், எமக்கே உரிய கிளை என்று முழங்கினால் எவராலும் மறுக்க முடியாது.

இரு வழிகளும் வமிசத்துக்கு ஒத்தனவாயின், தெரிவு பயனைப் பொறுத்தது. கூட்டம் இலகுவில் இனங்காணத்தக்கதா? அதனை ஆதரிக்கும் சான்று உறுதியானதா? எத்தனை பெயர்கள் மாறும்? அப்பெயர்களை ஆள்வோர் யார்? இறுதி வினா தாவரவியலாளரிடையே போதிய அளவு கேட்கப்படுவதில்லை என்பதே என் குற்றச்சாட்டு. இருசொற் பெயரீட்டின் பிறவிக் குறை இங்கேதான் உள்ளது. ஒரே பெயர் இரு வேலைகளைச் செய்கிறது: செடியைக் குறிக்கும் அடையாளமாகவும் நிற்கிறது, அதன் உறவைச் சொல்லும் கூற்றாகவும் நிற்கிறது. உறவு பற்றிய அறிவு வளரும்தோறும் அடையாளம் தடுமாறுகிறது. ஆவரசின் மருத்துவக் குணங்களை ஆராயப் புகும் சித்த மருத்துவ மாணவன், சென்னா ஓரிக்கியூலாற்றா என்று மட்டும் தேடினால் அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட ஆய்வுகளை எல்லாம் காணாது போவான். அவை கசியாவின் கீழ்க் கிடக்கின்றன. ஆகவே பிரிக்க வேண்டியது கட்டாயமாயின் பிரிக்கட்டும். வேலிலும் ஷோரியாவிலும் ஏதேனும் ஒன்றைச் செய்தே ஆகவேண்டியிருந்தது. ஒரு கூட்டம் முன்னமே வமிசத்துக்கு ஒத்திருக்கையில், வெறும் உவப்பின் பொருட்டு அதனைத் துண்டாடுவோரை நாம் எதிர்த்தல் வேண்டும். 2022 இல் புரோசொப்பிசு என்னும் சாதி பிரிக்கப்பட்டபோது வன்னி மரம் தன் பெயரோடு நிற்க, புந்தலவில் ஊடுருவிப் பரவும் முட்செடி நெல்ருமா ஆயிற்று. அவ்விரண்டும் வெவ்வேறு கிளைகள் என்பது தெளிவானதால் அதனை நான் எதிர்க்கவில்லை.

இவ்விடத்தில், எமது நாட்டுவழக்குப் பெயர்களே மேலானவை, அவை மாறுவதில்லை என்பாரும் உளர். மேற்கூறிய அந்த நெல்ருமாவையே தமிழ்நாட்டார் சீமைக் கருவேல் என்கின்றனர். அது வேலுமன்று, கருவேலின் கிளையுமன்று. ஆவரசு, ஆவாரை, ஆவிரை என ஒரே செடி ஊருக்கொரு பெயர் தாங்குகிறது. தொல்காப்பியத்தின் புறக்காழ், அகக்காழ்ப் பாகுபாட்டில் நவீன தாவரவியல் முழுவதையும் காணும் தமிழ்ப்பற்றாளரையும் அறிவேன். பனையையும் மூங்கிலையும் ஒருங்கு வைத்த அக்கூர்நோக்கு வியக்கத்தக்கதே. ஆனால் அது தண்டின் அமைப்பைப் பற்றிய கூற்று. வமிசத்தைப் பற்றிய கூற்றன்று. அதற்கு உரிய மதிப்பை அளித்து அப்பால் நகர்வோம்.

சொல்லைப் பற்றியும் ஒரு சொல். இலங்கையின் கலைச்சொல்லாக்கத்தில் இப்படிக்குச் சாதி என்றும், அதன் கீழ்ப்படிக்கு இனம் என்றும் பெயர். தமிழ்நாட்டார் பேரினம், சிற்றினம் என்பர். பிறப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த வடசொல் சாதி. இலத்தீன் மூலச்சொல்லும் அதே வேரினின்று கிளைத்ததே. எனவே சொற்பிறப்பை நோக்கின் எமது சொல்லே நேரானது. வமிசத்தையே சாதியின் அடிப்படையாகக் கொள்ளும் இக்காலக் கொள்கைக்கும் அது பொருந்துகிறது. ஆனால் எமது சமூகத்தில் அச்சொல் சுமக்கும் பொருள் யாது என்பதை நான் எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை. பிறப்பால் வந்தது, மாறாதது, மேல்கீழ் உடையது என்னும் எண்ணங்களோடு வகுப்பறைக்குள் நுழையும் மாணவனிடம் தாவரச் சாதி என்று சொன்னால், அதுவும் மாறாதது என்றே அவன் மனம் கொள்ளும். தாவரங்களின் சாதியை மாற்ற நல்லதோர் ஆய்வுக்கட்டுரை போதும். மனிதரிடையே நிலவுவதை அசைக்க எத்தனை தலைமுறைகள் என்று யாரறிவார்! சொல்லை மாற்ற வேண்டுமென நான் வற்புறுத்தவில்லை. கற்பிக்கும் முதல் நாளிலேயே, இங்கே சாதி என்பது சான்றின் முன் கலைந்து மீளக் கட்டப்படுவது என்று கூறிவிடுதல் கற்பிப்போரின் கடன்.

அக்கடன் எவ்வாறு ஆற்றப்படுகிறது? செய்முறைப் பரீட்சையில் உலர்ந்த கிளையொன்றை வைத்து, இதன் சாதி யாது என்று கேட்கிறோம். மாணவன் ஒரு சொல் எழுதுகிறான். அச்சொல் விடைத்தாளில் உள்ளதாயின் புள்ளி. பழைய நூலிற் படித்த பெயரை எழுதினால் சுழியம். அதற்குப் பதிலாகக் கொன்றைப் பூவையும் ஆவரசம் பூவையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுப்போம். இவற்றை ஒரே சாதியில் வைப்பீரா, வேறு சாதிகளில் வைப்பீரா, எக்காரணங்களால் எனக் கேட்போம். இழையின் வளைவையும் சிறுபூவடியிலையையும் சுரப்பியையும் கண்டு, அவற்றுள் எது இனங்காண உதவுவது, எது உறவைக் காட்டுவது எனப் பிரித்தெழுதியவனுக்கு, அவன் எழுதியது கசியாவாயினும் சென்னாவாயினும், முழுப் புள்ளியும் வழங்குவோம். பெயர்ப்பலகைகளில் இரு பெயர்களையும், மாறிய ஆண்டையும், மாற்றியோர் பெயரையும் எழுதி வைப்பதற்கு ஒரு தூரிகையும் அரை நாட் பொழுதுமே வேண்டும். எமது சங்கத்தார் விரும்பினால் இவ்வாண்டே அதைத் தொடங்கலாம்; வளாகத்துக் கொன்றை மரங்கள் பூக்கும் காலத்திலேயே தொடங்கினால், ஐயமுள்ளோர் பூவைப் பறித்துப் பார்த்துக்கொள்ளவும் வசதியாயிருக்கும்.